கருவாட்டைவிட எலி நம்பும் மணம்

கானாடுகாத்தானிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பெரிய வீட்டின் இரண்டாம் கட்டில், உக்கிராண அறையை ஒட்டி, சுட்ட கருவாட்டைக் கட்டிக் கூண்டுப்பொறி வைத்தால், முதல் சில இரவுகளில் எலி கூண்டைச் சுற்றிவிட்டுப் போகிறதே தவிர உள்ளே நுழைவதில்லை, இது ஏன்? பொறி வைக்கப்போவதை வாய்விட்டுச் சொன்னால் எலியின் காதில் விழுந்துவிடும் என்று வீட்டு ஆச்சி சொல்வது உண்மையா என்றும் அவர் அறிய விரும்புகிறார்.

முதலில் கருவாடு. கடல்மீனின் தசையில் ட்ரைமெத்திலமீன் ஆக்சைடு என்ற சேர்மம் உண்டு; அதற்கு வாடை கிடையாது. மீன் இறந்தபின் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போது பிறக்கும் ட்ரைமெத்திலமீன்தான் நாம் அறிந்த மீன் கவிச்சி. ஏறத்தாழ 3 டிகிரி செல்சியஸிலேயே கொதிநிலையை எட்டும் சேர்மம் என்பதால், அது எளிதில் காற்றில் ஏறி நெடுந்தூரம் பரவுகிறது. ஆனால் இந்த வாடை எல்லாக் கொறிணிகளுக்கும் அழைப்பு அன்று. ஆண் சுண்டெலியின் சிறுநீரிலேயே இச்சேர்மம் நிறைந்திருப்பதால் அதன் மெல்லிய வாடை சுண்டெலிகளை ஈர்க்கிறது. அதே வாடையை ஆய்வக எலிகள் தவிர்க்கின்றன என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கருவாட்டை அடுப்பில் வாட்டிக் கட்டும் நம் வழக்கம் இந்த வகையில் பொருள் உள்ளது: சூட்டில் ட்ரைமெத்திலமீன் ஓரளவு பறந்துபோக, அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வினைபுரிந்து பைரசீன் போன்ற வறுத்த மணச் சேர்மங்கள் உருவாகின்றன.

இருந்தும் எலி தயங்குகிறது. காரணம், எலியால் வாந்தி எடுக்க முடியாது. கெட்டதைத் தின்றுவிட்டால் அதை வெளியேற்ற வழி இல்லாத அந்த உயிரினம், புதிய தீனியையும் புதிய பொருளையும் கண்டு அஞ்சுகிறது. தின்றாலும் முதலில் ஒரு கொறி கொறித்துவிட்டு விலகிவிடும். இரை என்ன என்பதை இரையின் மணம் சொல்கிறது. அது தின்னத் தகுந்ததா என்பதைச் சொல்ல வேறொரு மணம் வேண்டியிருக்கிறது.

அந்த மணம் இன்னொரு எலியின் மூச்சில் இருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்னட் கேலெஃப், தின்றுவிட்டு வந்த எலியின் வாயை மற்ற எலிகள் முகர்ந்து பார்ப்பதையும், அதன் பிறகு அவை அதே தீனியைத் தேர்ந்தெடுப்பதையும் பல சோதனைகளில் ஆராய்ந்தார். தீனியின் மணம் மட்டும் போதவில்லை. அது எலியின் மூச்சோடு கலந்து வந்தால்தான் விருப்பம் உண்டாயிற்று. எலியின் மூச்சை வேதியியல் பகுப்பாய்வுக்கு உட்படுத்தியபோது கார்பன் டைசல்ஃபைடு, கார்போனைல் சல்ஃபைடு என்ற இரண்டு கந்தகச் சேர்மங்கள் இருப்பது தெரிந்தது. எலிக்குப் பதிலாகத் தீனி தூவிய பஞ்சுத் திரள் ஒன்றில் நீர்த்த கார்பன் டைசல்ஃபைடை இட்டு முகரச் செய்தபோதும் எலிகள் அந்தத் தீனியையே நாடின. வெறும் நீரை இட்டபோது அப்படி நாடவில்லை. 1988இல் இந்த முடிவுகள் வெளியாயின.

மூக்கினுள் இது நடக்கும் விதம்தான் என்னை வியப்பில் ஆழ்த்துகிறது. மணமுணரும் நரம்பணுக்களில் பெரும்பாலானவை சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறின் வழியே செய்தி அனுப்புகின்றன. ஆனால் எலியின் மூக்கில் மிகச் சில அணுக்கள் தனிவழி செல்கின்றன. அவற்றில் உள்ள கார்போனிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி, மூச்சோடு வந்த கார்பன் டைசல்ஃபைடைக் கார்பன் டைஆக்சைடாக மாற்றுகிறது, அது பைகார்பனேட்டாகிறது, பைகார்பனேட் ‘குவானைலில் சைக்ளேஸ் டி’ என்ற நொதியை முடுக்குகிறது, அந்த நொதி உண்டாக்கும் சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற மூலக்கூறு நரம்பணுவின் அயனி வாயில்களைத் திறக்க, நரம்பில் மின்துடிப்பு எழுகிறது. நம் செந்நிற இரத்த அணுக்களில் கரியமில வாயுவைக் கையாளும் அதே வகை நொதி, இங்கே ஒரு நம்பிக்கைச் செய்தியைப் படிக்கும் வேலையைச் செய்கிறது. சுண்டெலிகளில் இந்த அமைப்பைச் செயலிழக்கச் செய்தால், அவை துணையிடமிருந்து தீனியைக் கற்பதில்லை என்று 2010இல் நிறுவப்பட்டது. மனிதரிடம் இந்தச் சைக்ளேஸுக்கான மரபணு பழுதுபட்டுச் செயலற்றுக் கிடக்கிறது.

ஆகவே ஆச்சி சொல்வதில், எலி நம் பேச்சைப் புரிந்துகொள்கிறது என்ற பகுதியை நான் ஏற்கவில்லை. அப்படி நம்பி வீட்டார் வாய் பொத்திக்கொண்டிருப்பதால் ஒரு பயனும் இல்லை. எலிகளுக்குள் செய்தி பரவுகிறது என்ற அவருடைய கவனிப்பு மட்டும் சரியானது. ஆனால் பரவுவது எச்சரிக்கையன்று, பரிந்துரை. தீனியைத் தின்று நோயுற்ற எலியின் வாயை முகர்ந்தாலும், மற்றவை அந்தத் தீனியை வெறுக்கக் கற்பதில்லை என்பதையும் கேலெஃப் குழுவினர் கண்டனர்.

அப்படியானால் கார்பன் டைசல்ஃபைடையே வாங்கிப் பொறியில் தடவலாமா என்று கேட்டால், வேண்டவே வேண்டாம். எளிதில் தீப்பற்றும், நரம்புகளைத் தாக்கும் நஞ்சு அது. அதை மிக நுண்ணிய அளவில், மெதுவாக, பாதுகாப்பாக வெளிவிடும் கவர்பொருளை உருவாக்குவது ஆய்வகங்களின் வேலை. களஞ்சியங்களில் எலி நஞ்சின் புழக்கத்தைக் குறைக்கக்கூடிய இத்தகைய ஆய்வுக்கு நம் நாட்டில் கூடுதலாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அறிவியலுக்குத் தனியார் கொடை இந்த மண்ணுக்குப் புதிதன்று.

வாசகர் இப்போதைக்குச் செய்யக்கூடியது எளிது. கூண்டின் கதவு விழாதபடி கம்பியால் கட்டி, எலிகள் சுவரை ஒட்டியே நடமாடுவதால் சுவரோரமாக வைத்து, இரண்டு மூன்று இரவுகள் கருவாட்டையோ வடையையோ தின்னவிட வேண்டும். தின்ற எலி வளைக்குத் திரும்பித் தன் மூச்சால் மற்றவற்றுக்கு அந்தத் தீனியைப் பழக்கும். அதற்குள் கூண்டும் அவற்றுக்குப் பழகிப்போகும். அதன் பிறகு கம்பியை அவிழ்த்துப் பொறியை ஏற்றும் இரவில், பழக்கிய அதே தீனியைத்தான் கட்ட வேண்டும்; கருவாட்டைத் தின்னவிட்டுவிட்டு வடைக்கு மாற்றினால் எலி மறுபடியும் முதலிலிருந்து தயங்கத் தொடங்கும்.