ஈஏ பாரம் பிப்ரவரியில், ரசீது வேட்டை மே 14-இல்

“பிப்ரவரி கடைசிக்குள், முதலாளி தரும் ஆண்டுச் சம்பள விவரமான ஈஏ பாரம் கைக்கு வந்துவிடுகிறது. இணையம் வழி பிஇ பாரம் (வருமான வரிக் கணக்கு) அனுப்ப மே 15 வரை அவகாசம். அப்படியும் 14-ஆம் தேதி ராத்திரிதான் வரிக் கழிவுக்கான ரசீதைத் தேடுகிறோமே, சோம்பலா?” என்று கேட்கிறார் கோலாலம்பூர் செந்தூல் வாசகர் ஒருவர்.

சோம்பல் இல்லை. சம்பளத்தில் மாதாமாதம் கூடுதலாகப் பிடித்த பிசிபி வரிப் பணம் திரும்ப வரவேண்டியவர்களும் தள்ளிப்போடுகிறார்கள். ரசீது உறையைப் பார்த்ததும் மனசில் ஒரு சுணக்கம். உறையை மூடினால் உடனே நிம்மதி. தள்ளிப்போடுவதன் கூலி அந்த நிம்மதிதான் என்று உளவியலாளர்கள் சிரோயிஸ், பிச்சில் இருவரும் 2013-இல் எழுதினார்கள்.

இதற்கு உளவியலாளர் கோல்விட்சர் சொன்ன வழி எளிமையானது. 1997-இல் வெளியான ஆய்வில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி 48 மணி நேரத்துக்குள் அனுப்பும்படி மாணவர்களைக் கேட்டார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் மூவருக்கு ஒருவர்தான்.

அழகே இங்கேதான். “இது நடந்ததும் அதைச் செய்வேன்” என்று முடிச்சுப் போட்டால், மூளை அந்த ‘இது’வை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறது. கண்ணில் பட்டதும் கை நகர்கிறது. “இப்போது செய்யலாமா?” என்ற கேள்விக்கே இடமில்லை, சுணக்கம் பேரம் பேசுவது அந்தக் கேள்வியில்தானே!

முடிச்சு இப்படி இருக்கட்டும்: “ஞாயிறு காலை தே தாரிக் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்ததும், சாப்பாட்டு மேசையில் 10 ரசீதுகளைப் போனில் படம் எடுப்பேன்.” கிளாஸைக் கவிழ்ப்பது கண்ணுக்குத் தெரியும். “நேரம் கிடைத்ததும்” என்பது யார் கண்ணுக்கும் தெரியாது. பலர் கோட்டைவிடுவது அங்கேதான். ஒரே வாரத்தில் ஐந்து முடிச்சு போட்டாலும் எதுவும் இறுகாது. செய்ய மனமே இல்லாத வேலைக்கு முடிச்சும் உதவாது. நண்பர் மாமாக் கடைக்குத் தேநீர் குடிக்கக் கூப்பிட்டால் என்ன சொல்வது என்பதையும் சேர்த்தே முடிந்துகொள்ளுங்கள்: “பத்தை முடித்துவிட்டு வருகிறேன்.”

படம் எடுப்பது முக்கியம். கடை ரசீது வெப்பத்தில் அச்சாகும் தாள். நாளானால் எழுத்து மங்கும், வெயிலில் நிற்கும் காருக்குள் கிடந்தால் தாளே கறுத்துவிடும். வரி வாரியமோ 7 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது.

ஞாயிறு 4.30 முதல் 6 வரை ராகு காலம் என்று ஒத்திவைப்பவர்கள் 6 மணிக்கும் தொடங்குவதில்லை. ராகுவுக்கும் பிஇ பாரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நம்பித்தான் ஆகவேண்டும் என்றால், “ராகு காலம் முடிந்ததும் உறையைப் பிரிப்பேன்” என்று முடிந்துகொள்ளுங்கள். நாள்காட்டியிலேயே மணி அச்சாகியிருக்கிறது.