வேர் பிடிப்பது கொஞ்சம், சேறு பிடிப்பது மிச்சம்

கால்நடைப் பண்ணைக் கழிவுநீரில் இருக்கும் உலோகங்களை, செடி நட்ட ஜல்லிப் படுகை வழியே நீரை விட்டுப் பிடிக்கலாம். அந்தக் கழிவுநீரில் இருக்கும் செம்பும் துத்தநாகமும் பெரும்பாலும் தீவனத்தோடு உள்ளே போய்ச் சாணத்தோடு வெளியே வருபவை. பால் மறந்த பன்றிக்குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு வராமலிருக்க, தீவனத்தில் கிலோவுக்கு 2,500 மி.கி. வரை துத்தநாகம் கலப்பது நெடுநாள் வழக்கம். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில்தான் அதை நிறுத்தியது. குட்டியின் உடல் எடுத்துக்கொள்வது சிறு பங்கே. கறவை மாடுகளின் குளம்பு நோய்க்கு வைக்கும் மயில்துத்த (செம்பு சல்ஃபேட்) கரைசல் தொட்டி இன்னொரு வாசல். 200 லிட்டரில் 5 சதவீதக் கரைசல் என்றால் 10 கிலோ மயில்துத்தம். அதில் செம்பு மட்டும் இரண்டரை கிலோ. தொட்டியை வடிகாலில் கவிழ்த்துவிட்டால் அதற்கு எந்தச் செடியும் ஈடுகொடுக்காது. அந்தத் தண்ணீரைத் தனியே பிடித்தாக வேண்டும்.

செடி என்ன செய்கிறது? வேரின் செல்சுவர் எதிர்மின்னூட்டம் கொண்டது. நேர்மின்னூட்டம் உள்ள உலோக அயனிகள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. உள்ளே நுழைந்ததில் தேவைக்கு மிஞ்சியதை, கந்தகம் கொண்ட சிறு பெப்டைடுகளாலும் (புரதத் துண்டுகள்) கரிம அமிலங்களாலும் கட்டி, செல்லின் சாற்றுப்பையில் செடி பூட்டிவைக்கிறது. பெரும்பாலான நீர்ச்செடிகளில் உலோகம் வேரிலேயே தங்கும். இலைக்கு ஏறுவது குறைவு.

இதைக் கேட்டதும் செடியே எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டால் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். நாளுக்கு 5,000 லிட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 2 மி.கி. துத்தநாகம்: மொத்தம் 10 கிராம். ஆகாயத்தாமரை ஒரு சதுர மீட்டரில் நாளுக்கு 10 கிராம் உலர் எடை கூடுகிறது, அதில் கிலோவுக்கு 500 மி.கி. துத்தநாகம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 5 மி.கி.தான் கிடைக்கும். பத்து கிராமையும் செடியே எடுக்க 2,000 சதுர மீட்டர் வேண்டும்.

அப்படியானால் இதைவிடச் சிறிய படுகைகள் எப்படி வேலை செய்கின்றன? மிச்ச வேலையைச் சேறு பார்க்கிறது. காற்றுப் புகாத அடிப்பகுதியில் சில பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக மாற்றுகின்றன. செம்பும் துத்தநாகமும் அதோடு சேர்ந்து கரையாத படிவாக இறங்கிவிடுகின்றன. வேர் கசியவிடும் சர்க்கரைகளும் மடிந்த வேர்களும் அந்த பாக்டீரியாக்களுக்கு உணவு. வேரைச் சுற்றி மட்டும் ஆக்சிஜன் கசிவதால் இரும்புத் துரு படலமாகப் படியும். அது ஆர்சனிக்கைப் பிடிக்கும். செடியை வடிகட்டி என்பதைவிடச் சேற்றை வளர்ப்பவர் என்பதே பொருத்தம்.

படுகையின் அளவுக்கு வருவோம். தண்ணீர் 7 நாள் தங்க வேண்டுமானால் 35 கனமீட்டர் நீர் நிற்க இடம் தேவை. ஜல்லியில் இடைவெளி சுமார் 40 சதவீதம் என்பதால் 88 கனமீட்டர் படுகை, 60 செ.மீ. ஆழத்தில் அது ஏறத்தாழ 146 சதுர மீட்டர். மேலே போட்ட கணக்குப்படி அங்கே செடி எடுப்பது நாளுக்கு முக்கால் கிராம்தான்! அடியில் நீர் இறங்காத விரிப்பு, நுழைவாயிலில் 40 முதல் 80 மி.மீ. கல், நடுவே 10 முதல் 20 மி.மீ. ஜல்லி. சம்பு, நாணல், கல்வாழை, வெட்டிவேர் இவற்றில் ஒன்றைச் சதுர மீட்டருக்கு 4 முதல் 6 வரை நடலாம். நீர்மட்டம் ஜல்லிக்கு 5 செ.மீ. கீழே நிற்கட்டும்.

முதலில் நல்ல தண்ணீரில் வேர் பிடிக்கவிட்டு, பிறகு கழிவுநீர் ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர் கலந்து தொடங்கி, வாரக்கணக்கில் அடர்த்தியை ஏற்றுங்கள். இதில் அவசரப்பட்டால் செடி கருகும். காரணம் பெரும்பாலும் உலோகம் அல்ல, அம்மோனியா. 25 டிகிரியில் பி.எச். (நீரின் அமில-காரத் தன்மையின் அளவு) 7 என்றால் அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும், 9.25-ஐத் தொட்டால் பாதி அப்படி மாறிவிடும்.

அடுத்த தொல்லை அடைப்பு. திடக்கழிவைத் தொட்டியில் படியவைக்காமல் நேரே விட்டால் ஜல்லி இடுக்குகள் தூர்ந்து, தண்ணீர் மேலோடு ஓடிவிடும். உலோகத்தில் பெரும்பங்கு அந்த நுண்துகள்களில்தான் ஒட்டியிருக்கிறது என்பதால், படியவைப்பது பாதி சுத்திகரிப்பு. கரைந்த கரிமப் பொருளோடு பிணைந்த செம்பு மட்டும் எளிதில் மசியாது. துத்தநாகத்தைவிட அது பிடிவாதக்காரர்.

படுகையைக் காயவிடக் கூடாது. காற்றுப் பட்டால் சல்ஃபைடு மீண்டும் சல்ஃபேட்டாகி, பூட்டிய உலோகம் அடுத்த நனைப்பில் கரைந்து வெளியேறும்.

நாளுக்கு 8 கிராம் நின்றாலே ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கிலோ துத்தநாகம் படுகையில் சேரும். என்றாவது அந்தச் சேற்றை அள்ள வேண்டியிருக்கும். மிதக்கும் செடி வளர்ப்பவர்கள் வாரம் ஒருமுறை குளத்தின் கால்பகுதியை வேரோடு எடுக்க வேண்டும். அழுகி மூழ்கினால் பிடித்தது திரும்ப நீருக்குள் போகும். எடுத்த செடியைக் கால்நடைக்குப் போட்டால் சுற்று மறுபடி தொடங்கும். மட்கவைத்தால் எடை பாதியாகும், உலோகம் அப்படியே இருக்கும், அடர்த்தி இரட்டிக்கும். ஆய்வகத்தில் அளந்து, செம்பும் துத்தநாகமும் மட்டும் குறைந்த அளவில் இருந்தால் பரந்த நிலத்தில் மெல்லிதாகப் பரப்பலாம். காட்மியமோ ஆர்சனிக்கோ இருந்தால் அபாயக் கழிவாகவே கையாள வேண்டும்.

பலன் தெரிய, நுழைவுநீரை இன்றும் வெளிநீரை ஏழு நாள் கழித்தும் எடுத்து, அடர்த்தியை நீரளவால் பெருக்கிப் பாருங்கள். கோடையில் பாதி நீர் ஆவியாகிவிட்டால், உலோகம் பாதியாகக் குறைந்திருந்தும் ஆய்வக அறிக்கையில் அதே எண்தான் வரும்.