பறங்கிப்புண்: சொல் விளக்கம்

மருத்துவர்கள் சிபிலிஸ் என்று சொல்லும் பால்வினை நோய்க்குத் தமிழில் வழங்கிய பழைய பெயர்களில் ஒன்று பறங்கிப்புண். புண் நம் சொல். பறங்கி வெகுதூரம் சுற்றி வந்த சொல்.

சிலுவைப் போர்க் காலத்தில் அரபியர் மேற்கு ஐரோப்பியர் எல்லோரையும் 'ஃபிராங்க்' என்ற ஒரே இனத்தின் பெயரால் குறித்தார்கள். அது பாரசீகத்தில் ஃபரங்கி ஆகி, தமிழில் பறங்கி ஆயிற்று. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தபின் போர்த்துகீசியருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பறங்கிப்பேட்டை, பறங்கிமலை எல்லாம் அப்படி வந்தவைதான். 'பரங்கி' என்றும் எழுதுவதுண்டு. ஆனால் திருப்பரங்குன்றத்தை இதோடு சேர்க்கக் கூடாது. பரங்குன்றம் பரிபாடலிலேயே இருக்கிறது.

சரி, நோய்க்கு ஏன் இந்தப் பெயர்? கொலம்பஸ் 1493இல் அமெரிக்காவிலிருந்து ஸ்பெயினுக்குத் திரும்பினார். 1495இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரைப் பிடித்த பிரெஞ்சுப் படையில் இந்த நோய் கண்டது. படை கலைந்து வீரர்கள் ஊர் திரும்ப, ஐரோப்பா முழுக்கப் பரவியது. இத்தாலியர் இதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். ரஷ்யர் பழியைப் போலந்தின் மேல் போட்டார்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்ததா, ஐரோப்பாவில் முன்பே இருந்ததா என்று ஆய்வாளர்கள் பழைய எலும்புகளை வைத்து இன்னும் வாதிடுகிறார்கள். இந்தியாவுக்குப் போர்த்துகீசியக் கப்பல்களோடு வந்தது என்பதே பரவலான கருத்து. 16ஆம் நூற்றாண்டில் பாவமிசிரர் எழுதிய பாவபிரகாசம் என்ற ஆயுர்வேத நூல் இதைப் 'பிரங்க ரோகம்' என்கிறது. அதற்கு வெகுமுன்பே எழுதப்பட்ட சரகர், சுசுருதர் நூல்களில் அந்தப் பெயரே கிடையாது.

எதிர்த்திசையில், ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன நோய் இதைவிடக் கொடியது. ஸ்பானியரோடு மெக்சிகோவுக்குப் போன பெரியம்மை, 1520இல் அங்கே ஆண்ட அஸ்டெக் மக்களின் தலைநகரில் புகுந்து அரசர் குயிட்லாவாக்கையும் கொன்றது. அம்மையையே அறியாத உடம்புகள் அவர்களுடையவை.

சிபிலிஸ் என்ற பெயர் 1530இல் இத்தாலிய மருத்துவர் ஃபிரகாஸ்டோரோ எழுதிய லத்தீன் கவிதையில் வரும் ஓர் இடையனுடையது. தமிழில் கிரந்தி, மேகநோய், மேகப்புண் என்கிறோம். இந்த மேகம் வானத்து மேகம் அல்ல. சிறுநீரைக் குறிக்கும் 'மேஹ' என்ற வடசொல். சித்த மருத்துவத்தில் மேகம் பல நோய்களுக்குப் பொதுப்பெயர். கிரந்தியோ கைக்குழந்தைக்கு வரும் தோல் தடிப்புக்கும் ஆகும். பறங்கியிலும் குழப்பம் உண்டு: இலங்கையில் அது யாஸ் என்ற நோயின் பெயர். கிருமி நெருங்கிய உறவுதான், ஆனால் யாஸ் தோலோடு தோல் பட்டுச் சிறுவர்களிடம் பரவுவது, பால்வினை நோய் அல்ல.

சிபிலிஸுக்குத் தமிழில் எந்தச் சொல்லை எழுதுவது என்றால், என் தேர்வு மேகப்புண். நோயின் முதல் அடையாளமே வலியில்லாத ஒரு புண் என்பதால் பொருத்தமாக இருக்கிறது. ஒரு நாட்டு மக்களின் பெயரை நோய்க்கு வைப்பது சரியல்ல. புதிய நோய்களுக்கு அப்படிப் பெயரிட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2015இல் அறிவுறுத்தியது. பறங்கிப்புண் வரலாற்றுச் சொல்லாக அகராதியில் இருக்கட்டும்.

அப்புறம், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பறங்கிப்பட்டை. பட்டை என்று பெயர், உண்மையில் கிழங்கு. சீனத்துச் சரக்கு. 16ஆம் நூற்றாண்டில் இதே நோய்க்கு மருந்தாகக் கோவாவில் புகழ்பெற்றது. நோய்க்கு வைத்த பெயரையே மருந்துக்கும் வைத்துவிட்டார்கள்.