அயனி எக்கி: அது குழாய் அன்று

‘உயிரணுச் சவ்விலுள்ள சோடியம்–பொட்டாசியம் குழாய் வழியாக அயனிகள் செல்கின்றன.’ அண்மையில் படித்த ஒரு மருத்துவ மொழிபெயர்ப்பில் இந்த வரி கண்ணில் பட்டது. இதே பிழையை எத்தனை முறை பார்த்துவிட்டேன்! மூலத்தில் இருப்பது ‘அயன் பம்ப்’: அயனிகளை, அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்களை, சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஏற்றும் புரதம். அதைத்தான் நான் ‘அயனி எக்கி’ என்கிறேன்.

‘அயன்’ என்பது ‘செல்வது’ என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல். 1834இல் ஃபாரடே அதை அறிவியலுக்குள் கொண்டுவந்தார். தமிழில் அயனி ஆயிற்று, நிலைத்தும்விட்டது. ‘பம்ப்’ நீர் இறைக்கும் கருவியின் பெயர். சிக்கல் இதில்தான்.

பாடநூல்கள் ‘விசையியக்கக் குழாய்’ என்றன. சொல் நீளமாக இருந்ததால் முன்பாதியை உதிர்த்துவிட்டுக் குழாயை மட்டும் வைத்துக்கொண்டார்கள். முழுச்சொல்லே எனக்கு உடன்பாடில்லை. பம்பில் வேலை செய்வது விசை; குழாய் வெறும் வழி. வேலை செய்வதை விட்டுவிட்டு வழிக்குப் பெயர் சூட்டலாமா?

உயிரணுவிலோ இந்தக் குழப்பம் பொருளையே புரட்டிவிடுகிறது. சவ்வில் உண்மையிலேயே குழாய் போன்ற புரதங்கள் உண்டு; அவை அயனிக் கால்வாய்கள். திறந்தால் இரு பக்கமும் திறந்திருக்கும். செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு நொடிக்குக் கோடி அளவில் அயனிகள் பாயும். 1957இல் டென்மார்க் அறிவியலாளர் யென்ஸ் ஸ்கௌ கண்டறிந்த சோடியம்–பொட்டாசியம் பம்பின் அமைப்பு இதற்கு நேர்மாறு. அதன் பெரிய புரதச் சங்கிலி சவ்வைப் பத்து முறை ஊடுருவி, பத்துச் சுருள்களாக மடிந்து நிற்கிறது. அயனிகள் அமரும் இடம் அந்தச் சுருள்களின் நடுவே, சவ்வுக்குள்ளேயே இருக்கிறது. சங்கிலியின் பெரும்பகுதி உயிரணுவின் உட்புறம் தொங்குகிறது. அங்கே, உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட் வந்து ஒட்டியதும் மடிப்பு நெளிந்து, சுருள்கள் சாய்கின்றன. உள்வாசல் மூடிய பிறகே வெளிவாசல் திறக்கும். இரண்டும் சேர்ந்து திறப்பதே இல்லை. திறந்தால் ஏற்றியதெல்லாம் திரும்பி ஒழுகிவிடும். இரு முனையும் ஒருசேரத் திறக்காத ஒன்றைக் குழாய் என்று எப்படி அழைப்பது?

‘இறைப்பான்’ என்போர் உண்டு. குழாயைவிட நூறு மடங்கு மேல். ஆனால் இறைத்தலுக்குச் சிதறவிடுதல் என்ற பொருளும் இருக்கிறது. ‘சோடியம் இறைக்கப்படுகிறது’ என்றால் வாசகர் ஒரு கணம் தடுமாறுவார். இலங்கையில் வழங்கும் ‘பம்பி’ கடன்சொல்தான் என்றாலும் பொய் சொல்வதில்லை.

என் தேர்வு ‘எக்கி’. புழக்கத்தில் இல்லாத சொல் என்கிறார்கள். வயிற்றை எக்குகிறோம், உயரத்தில் இருப்பதை எக்கி எடுக்கிறோம். இதைவிடப் புழக்கம் வேறென்ன வேண்டும்? எக்குவதில் முயற்சி இருக்கிறது, மேல்நோக்கிய அசைவும் இருக்கிறது. செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு, ஆற்றலைச் செலவிட்டு அயனியை ஏற்றும் புரதத்துக்கு இவை இரண்டும் வேண்டும். வினையாகவும் எளிதில் புழங்கும்.

அகராதியில் ஒரு சொல்லைப் பொறுக்கி எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள், அந்தப் புரதத்தின் படத்தை ஒருமுறையாவது பார்த்திருக்கலாம். நான் கண்ட வரி இப்படி இருந்திருக்க வேண்டும்: ‘சவ்விலுள்ள சோடியம்–பொட்டாசிய எக்கி, ஓர் ஏடிபியைச் செலவிட்டு 3 சோடியம் அயனிகளை வெளியே எக்கி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுத்துக்கொள்கிறது.’