செட்டு மாத்திரை வீக்கத்தை எப்படி வற்ற வைக்கிறது?

“காலைல எந்திச்சா கையை மடக்க முடியமாட்டுக்கு டாக்டரம்மா. மெடிக்கல்ல ஒரு செட்டு வாங்கிப் போட்டாதான் பீடி சுத்தவே முடியுது.”

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கமிருந்து பாளையங்கோட்டைக்கு வரும் பெண்கள் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். அந்தச் செட்டைப் பிரித்துப் பார்த்தால் வலி மாத்திரை, கேஸ் மாத்திரை, கூடவே பொடிசாக இன்னொன்று இருக்கும். பல சமயம் அது டெக்ஸாமெத்தசோன் அல்லது பிரெட்னிசொலோன், அதாவது ஸ்டீராய்டு. அது கேட்கத்தான் செய்யும். ஏன் கேட்கிறது என்பது தெரிந்தால், ஏன் தானாக வாங்கிப் போடக்கூடாது என்பதும் புரியும்.

கிருமி நுழைந்ததும் மேக்ரோஃபேஜ் என்னும் எதிர்ப்புச் செல் டி.என்.எஃப். என்ற புரதத்தைச் செய்யத் தொடங்கும். காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதைச் செய்யும் குறிப்பு மரபணுவில் இருக்கிறது. அங்கிருந்து எடுத்த நகல்தான் தூது ஆர்.என்.ஏ. மரபணுவை அணைத்துவிட்டாலும் ஏற்கெனவே வெளியே போன நகல்கள் சும்மா இருக்காது, புரதத்தைச் செய்துகொண்டே இருக்கும். அவற்றையும் அழித்தாக வேண்டும். ஹீமோகுளோபினுக்கான நகல் மணிக்கணக்கில் தாங்கும். டி.என்.எஃப். நகலோ சில பத்து நிமிடங்களிலேயே பாதியாகிவிடும்.

ஆர்.என்.ஏ. நகல் நான்கு வேதி எழுத்துகளால் ஆனது. இது சீக்கிரம் சிதைவதற்குக் காரணம், நகலின் கடைசிப் பகுதியில் அவற்றில் ஏ, யு என்ற இரண்டும் திரும்பத் திரும்ப வருவது. நோய் எதிர்ப்பு சார்ந்த வேறொரு மரபணுவிலிருந்து இத்தகைய துண்டை எடுத்து, நீண்ட நேரம் நிற்கும் குளோபின் நகலில் ஒட்டினார்கள். அதுவும் சீக்கிரம் சிதைந்தது. இது 1986-இல் நடந்த சோதனை. பிறகு, அந்த எழுத்துகளைப் பிடித்துக்கொள்ளும் டிரிஸ்டெட்ராப்ரோலின் என்ற புரதம் தெரியவந்தது. இது நகலின் வாலை நறுக்கும் நொதிகளைக் கூட்டி வரும். வால் போனால் மீதியும் சிதைந்துவிடும்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரை இழுக்க ஊரே திரளும். ஆனால் தேர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பது முட்டுக்கட்டை போடும் சிலரின் கையில். இந்தப் புரதமும் அந்த வேலையைத்தான் பார்க்கிறது. கிருமியோடு சண்டை சூடாக இருக்கும்போது, பி38 என்ற நொதி இதைச் செயல்படாமல் வைத்திருக்கும். சண்டை அடங்கியதும் கட்டை விழும். இந்தப் புரதமே இல்லாத எலிகளைப் பற்றி 1996-இல் எழுதினார்கள். அவை மெலிந்து, மூட்டு வீங்கித் துன்பப்பட்டன. டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் எதிர்ப்பொருளைத் தொடர்ந்து கொடுத்தபோது பெரும்பாலான பாதிப்புகள் வரவில்லை. மனிதர்களுக்கு வரும் முடக்குவாதத்துக்கு (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) காரணங்கள் பல, ஆனால் அங்கேயும் மூட்டில் டி.என்.எஃப். அடங்காமல் கிடக்கிறது.

சரி, ஸ்டீராய்டு என்ன செய்கிறது? நகல் எடுப்பதையே குறைக்கிறது. கூடவே பி38-ஐ அடக்கும் நொதியைப் பெருக்கி, கட்டை போடும் புரதத்தை வேலைக்கு விடுகிறது. அதனால்தான் வீக்கம் சீக்கிரம் வற்றுகிறது. ஆனால் அது மூட்டோடு நிற்பதில்லை. சர்க்கரை ஏறும், முகம் உப்பும், எலும்பு தேயும், கிருமிக்கு எதிரான பலமும் குறையும். என்னை அதிகம் உறுத்துவது வேறு: வலி தெரியாததால் முடக்குவாதம் என்று கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் தாமதமாகிவிடுகிறது, மூட்டு கோணிய பிறகு வருகிறார்கள்.

நாங்களும் ஸ்டீராய்டு எழுதுவதுண்டு. குறைந்த அளவில், கொஞ்ச காலத்துக்கு, முடக்குவாதத்தை அடக்கும் மெதோட்ரெக்சேட் போன்ற மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை. (மெதோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.)

நீங்கள் வெகுநாளாகச் செட்டு மாத்திரை போடுபவராக இருந்தால், இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் குறைந்திருக்கும், சட்டென்று விட்டால் மயங்கி விழலாம். மாத்திரையைக் கையோடு கொண்டுவந்து காட்டுங்கள், படிப்படியாகக் குறைப்போம். டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் ஊசி தேவைப்பட்டால், “மூட்டு வலிக்கு எதுக்கு நெஞ்சு எக்ஸ்ரே?” என்று அலுத்துக்கொள்ளாமல் எடுத்துவிடுங்கள். நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியை அடக்கி வைத்திருப்பதில் அதே டி.என்.எஃப்.-க்கும் முக்கியப் பங்கு உண்டு.