சின்னப் புழு போடுகிறவர்கள் கலரைப் பிறகு பார்க்கலாம்

கலிஃபோர்னியாவின் சான் டியேகோவைச் சுற்றியுள்ள ஏரிகளில் ஆட்களைப் படகில் ஏற்றி பாஸ் என்ற நன்னீர் மீனைத் தூண்டிலில் பிடிக்கக் கூட்டிப்போவது என் பிழைப்பு. ஏறி உட்கார்ந்ததும் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, இன்னைக்கு எந்தக் கலர் புழு?" ஐ.டி. வேலை பார்க்கும் நம்மூர்த் தம்பிகள் மட்டுமல்ல, காலமெல்லாம் தூண்டிலோடு திரிந்த அமெரிக்கப் பெரியவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். ஆள் புழக்கம் அதிகமுள்ள ஏரியில் தூண்டிலில் இரையாக மாட்டும் பிளாஸ்டிக் புழுவைத் தேர்ந்தெடுக்கும்போது கலர் கடைசியில் வருவது. மீன் கடிக்குமா என்பதோடு, கடித்த மீனைத் திரும்ப விட்டால் உயிரோடு போகுமா என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் புழுவை எடுக்க வேண்டும்.

இந்த ஏரிகளில் ஒரே மீன் எத்தனை பேர் கைக்குப் போய்வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. எஸ்கொண்டிடோவில் டிக்ஸன் ஏரி இருக்கிறது. 70 ஏக்கர் சொச்சம், கரை முழுக்கத் தூண்டில். அங்கே 2003-இல் 21 பவுண்டு 11 அவுன்ஸ் எடையில் ஒரு பெண் பாஸ் பிடிபட்டது. செவுள் மூடிக்குக் கீழே கரும்புள்ளி இருந்ததால் அதற்கு 'டாட்டி' என்று பெயர் வைத்தார்கள். 2006 மார்ச்சில் அதே மீன் மறுபடி சிக்கியபோது தராசு காட்டியது 25 பவுண்டு 1 அவுன்ஸ். உலகச் சாதனையோ 1932-இல் ஜார்ஜியாவில் பிடிபட்ட 22 பவுண்டு 4 அவுன்ஸ்தான்! ஆனால் டாட்டிக்குத் தூண்டில் முள் வாயில் மாட்டாமல் உடம்பில் குத்தியிருந்தது. பிடித்தவர் சாதனைக்கு விண்ணப்பிக்காமல் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். 2008-இல் அது செத்து மிதந்தது. 2003-இல் விடாமல் இருந்திருந்தால் 2006 என்ற கதையே இல்லை.

அடிக்கடி தூண்டில் பார்த்த மீன் உஷாராகிறது என்பது எல்லோரும் சொல்வது. அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இலினாய் மாநிலத்தின் ரிட்ஜ் ஏரியில் 1970-களில் ஒரு ஆய்வு தொடங்கினார்கள். திரும்பத் திரும்பச் சிக்கிய பாஸ்களையும், சிக்கவே சிக்காதவற்றையும் தனித்தனியாக இனப்பெருக்கம் செய்யவிட்டார்கள். தலைமுறைக்குத் தலைமுறை இரண்டு கூட்டத்துக்கும் உள்ள இடைவெளி கூடிக்கொண்டே போனது. சிக்குவதும் சிக்காததும் ஓரளவு பிறவிக் குணம் என்று தெரிந்தது. அதாவது, துணிந்து கடிக்கிற மீன்களை நாமே தூக்கிக் கொண்டுபோய்விட்டு, மிச்சமிருப்பவற்றிடம் "ஏன் கடிக்க மாட்டேன் என்கிறாய்" என்று கேட்கிறோம்.

இந்த மிச்ச மீன்களுக்குத்தான் சின்னப் புழு. சின்னது என்றால் நீளம் குறைந்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். விழும் வேகம்தான் விஷயம். நான்கு அங்குலப் புழுவில் கால் அவுன்ஸ் ஈயத்தைக் கட்டினால் அது கல் மாதிரி இறங்கும். அந்த மாதிரி இறங்கும் எதையும் இங்குள்ள மீன் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறது. 'நெட் ரிக்' என்ற கட்டு இரண்டேமுக்கால் அங்குலத் துண்டுப் புழுவும் காளான் வடிவத் தலையுள்ள முள்ளும். தலை 1/16 அவுன்ஸ் போதும், காற்று அடித்தால் 1/10. இதற்கு டி.பி.ஈ. என்ற மிதக்கும் ரகப் பிளாஸ்டிக்கில் செய்த புழுவை எடுங்கள். ஈயம் தரையில் உட்கார்ந்தபின் வால் மேலே நிமிர்ந்து நிற்கும். நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே அது ஆடும். சென்கோ பிராண்ட் மாதிரி உப்பு கலந்த பி.வி.சி. புழு இதற்கு நேரெதிர். ஈயமே வேண்டாம், நடுவில் முள்ளைக் குத்தி விட்டால் இரண்டு முனையும் நடுங்கிக்கொண்டே கிடையாக இறங்கும். இதுதான் 'வாக்கி ரிக்'. ஓரக் கோரைக்கும் படகுத்துறை நிழலுக்கும் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. மீன் ஆழத்தில் இருந்தால் 'டிராப் ஷாட்': ஈயம் நரம்பின் (தூண்டில் இழையின்) அடிநுனியில், முள் அதற்கு ஓரடி மேலே, புழு தரையைத் தொடாமல் நிற்கும். 1990-களின் கடைசியில் ஜப்பானிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வந்த கட்டு இது. நரம்பு மூன்றுக்கும் 6 பவுண்டு இழுவை தாங்கும் ஃப்ளூரோகார்பன் இழை.

கலரா? தெளிந்த தண்ணீரில் ஒளி ஊடுருவும் கலர், கலங்கலில் கருமை. போதும்.

இனி யாரும் கேட்காத விஷயம். புழு சிறிதாக ஆக, மீன் அதைச் சந்தேகமில்லாமல் விழுங்கும். பெரிய லூரில் (செயற்கை இரையில்) முள் பெரும்பாலும் உதட்டில் மாட்டும். ஈயமில்லாத சின்னப் புழுவில் நரம்பு தளர்ந்திருக்கும், கடித்தது கைக்குத் தெரிவதற்குள் அது தொண்டைக்குள் போயிருக்கும். வாக்கி ரிக்கில்தான் இது அதிகம். அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் வாக்கி ரிக் கொடுப்பதே இல்லை. நெட் ரிக் கொடுக்கிறேன். ஈயத்தலை இருப்பதால் நரம்பில் கொஞ்சம் இழுப்பு இருக்கும், கடி தெரியும், மேலுதட்டில் மாட்டும். வாக்கி போட்டே தீருவேன் என்பவர்கள் நரம்பைக் கண்ணால் பாருங்கள். அது ஓரமாக நகர்ந்தால் அந்த நொடியே சுற்றுங்கள், "நல்லா முழுங்கட்டும்" என்று காத்திருக்காதீர்கள். முள்ளின் உட்பக்கப் பல்லைக் குறடால் நசுக்கிவிடுவது நல்லது.

அப்படியும் தொண்டையில் மாட்டிவிட்டால் இழுத்துப் பிடுங்க வேண்டாம். மீனின் இதயம் தொண்டைக்கு மிக அருகில், செவுளை ஒட்டி இருக்கிறது. முள் கண்ணுக்குத் தெரிந்து எளிதாகத் திரும்பினால் எடுங்கள். இல்லையென்றால் நரம்பை முள்ளருகே வெட்டி விட்டுவிடுங்கள். சாதாரண எஃகு முள் நாளடைவில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத ரகத்தை இந்த வேலைக்கு வாங்காதீர்கள்.

கிழிந்த புழுவைத் தண்ணீரில் வீசும் பழக்கம் என் கண்ணெதிரில் நடந்தால் சத்தம் போட்டுவிடுவேன். அது கரையாது, மக்காது. தண்ணீரில் ஊறி உப்பும். மெய்ன் மாநிலத்தில் பண்ணை புரூக் டிரவுட் மீன்களுக்கு முன் இவற்றைப் போட்டுப் பார்த்தார்கள். தாமாகவே விழுங்கின, எடை குறைந்தது. வாக்கி ரிக்கில் புழு சீக்கிரம் கிழியும். நடுவில் ஒரு ரப்பர் வளையம் மாட்டி அதற்குள் முள்ளைக் கோத்தால் ஒரு புழு பல மீனுக்கு வரும். டி.பி.ஈ. புழு எளிதில் கிழியாது. ஆனால் அதை பி.வி.சி. புழுவோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள், இரண்டும் உருகி ஒட்டிப் பிசினாகிவிடும். வந்த பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

மார்ச், ஏப்ரலில் இன்னொன்று. ஆண் பாஸ் கரையோரத்தில் வட்டமாகத் தரையைத் துடைத்துக் கூடு கட்டி, முட்டைக்குக் காவல் இருக்கும். அதன் மேல் சின்னப் புழுவை இறக்கினால் பசி இல்லாவிட்டாலும் வாயால் கவ்வி அப்புறப்படுத்தப் பார்க்கும். நமக்கு அது கடி. மீனைத் தூக்கிப் படம் எடுக்கிற நேரத்தில் ப்ளூகில் என்ற சின்ன மீன்களின் கூட்டம் புகுந்து முட்டையைத் தின்றுவிடும். காவல் மீன் நகராமல் நிற்கும் கூடு தெரிந்தால் என் படகை அங்கே நிறுத்துவதில்லை, காசு கொடுத்து வந்தவர் கோபித்துக்கொண்டாலும் சரி.