"இத்தனை வருஷமா சாப்பிடுறேனே, டாக்டர்!"

"இறாலா இருக்காது டாக்டர். சின்ன வயசிலிருந்து சாப்பிடுறேன், ஒண்ணும் ஆனதில்லை."

ஒவ்வாமைக்கு வைத்தியம் பார்க்கும் எனக்கு இந்த வசனம் மனப்பாடம். சொல்பவரின் மேலுதடு வீங்கியிருக்கும். வயிற்றில் கொசு கடித்த மாதிரி கிளம்பிய தடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டுத்திட்டாக நிற்கும். பேசும்போதே கை சொறிந்துகொண்டிருக்கும். சாப்பிட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும், ஆனாலும் பழி என்னவோ புது சோப்பின் மேல்தான்.

முன்பின் தெரியாதவரோடு சண்டை வராது இல்லையா, ஒவ்வாமையும் அப்படித்தான். ஒரு புரதம் முதன்முதலில் உடம்புக்குள் போகும்போது வெளியே எதுவும் தெரியாது. சிலருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் மட்டும் அதைத் தப்பாக எதிரிப் பட்டியலில் சேர்த்து, அதற்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. ரத்தத்தில் ஐஜிஇ-க்கு ஆயுள் சில நாள்தான். ஆனால் தோல், மூக்கு, மூச்சுக்குழாய், குடல் என்று பல இடங்களில் குடியிருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டால் வாரக்கணக்கில் அங்கேயே இருக்கும். இது எப்போது நடக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டாம் வயதிலும் நடக்கலாம், நாற்பதிலும் நடக்கலாம்.

அப்புறம் ஒரு நாள் அதே புரதம் திரும்ப வருகிறது. அடுத்தடுத்து இருக்கும் ஐஜிஇ-களை அது சேர்த்துப் பிடித்தால் போதும், மாஸ்ட் செல் உள்ளே மூட்டை கட்டி வைத்திருந்த ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டிவிடும். ரத்தக் குழாய் தளர்ந்து நீர் கசிவதால் வீக்கம், நரம்பு சீண்டப்படுவதால் அரிப்பு, மூச்சுக்குழாய்த் தசை இறுகுவதால் வீசிங். எல்லாம் சில நிமிடங்களில்.

1921-இல் இரண்டு மருத்துவர்கள் இதைத் தங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார்கள். கூஸ்ட்னருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது, பிராஸ்னிட்ஸுக்கு ஒத்துக்கொள்ளும். கூஸ்ட்னரின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீரை, பிராஸ்னிட்ஸ் தன் தோலில் ஊசியாகப் போட்டுக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார். அந்த இடம் தடித்தது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது! ரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, அதுதான் ஐஜிஇ என்று கண்டுபிடிக்க 1960-களின் பிற்பகுதி வரை ஆனது.

நாங்கள் செய்யும் தோல் பரிசோதனையும் கிட்டத்தட்ட இதே கதைதான். முன்கையில் சந்தேகப்படும் பொருளின் சாற்றை ஒரு சொட்டு வைத்து ஊசி நுனியால் லேசாகக் குத்துவோம். 15 நிமிடத்தில் 3 மில்லிமீட்டராவது தடித்தால் ஐஜிஇ இருக்கிறது என்று பொருள். இருக்கிறது என்று மட்டும்தான். சாப்பிட்டு ஒரு தொந்தரவும் வராதவருக்கும் இது தடிக்கும். நூறு பொருளுக்கு மொத்தமாக ரத்தப் பரிசோதனை எடுத்து, பாதிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு மெலிந்து வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

"நான் இறாலைத் தொட்டதே இல்லை, முதல் தடவையே வந்துவிட்டதே" என்பவர்களும் உண்டு. வீட்டுத் தூசியில் வாழும் உண்ணியிலும் இறாலிலும் டிரோப்போமயோசின் என்ற புரதம் ஏறக்குறைய ஒரே மாதிரி. அறிமுகம் தலையணையிலேயே நடந்திருக்கலாம்.

தடிப்போடு நின்றால் ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரை போதும். குரல் கம்மினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றி விழப்போனால் மாத்திரைக்குக் காத்திருக்கக் கூடாது. தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் ஊசி, உடனே. மயக்கமாக இருப்பவரைக் காலை உயர்த்திப் படுக்க வைக்க வேண்டும், எழுப்பி நடக்கவிடக் கூடாது. மூச்சுத் திணறினால் மட்டும் உட்காரலாம். ஊசி போட்டுச் சரியான பிறகும் சிலருக்குச் சில மணி நேரம் கழித்து எல்லாம் திரும்ப வரும். "அதான் சரியாயிடுச்சே, வீட்டுக்குப் போகட்டுமா?" என்று கேட்பவரை நான் உட்கார வைப்பது அதனால்தான்.